ரசாயனக் கிடங்குகள் விஷயத்தில் பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகள் சேர்ந்து என்ன செய்ய முடியும்?

கேள்வி இதுதான். ஒரு சிப்காட் வளாகத்தை ஒட்டி மூன்று ஊராட்சிகள். கிடங்குகள் இருப்பது ஒன்றின் எல்லைக்குள். டேங்கர் லாரிகள் போய்வரும் சாலை இரண்டாவதில். காற்று வீசும் பக்கம் உள்ள குடியிருப்பு மூன்றாவதில். எங்கே போய்க் கேட்டாலும் "அதெல்லாம் மாநில அரசு பார்த்துக்கொள்ளும், ஊராட்சிக்கு அதிகாரமில்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள். உள்ளாட்சிகள் சேர்ந்து ஏதாவது செய்ய வழி உண்டா?

உண்டு. உங்களுக்குக் கிடைத்த பதில் பாதிதான் சரி. எந்த ரசாயனத்தை எப்படிச் சேமிக்க வேண்டும் என்று தரம் வகுக்கும் அதிகாரம் ஊராட்சியிடம் இல்லை. ஆனால் எல்லைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையும், விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று திட்டமிடும் மேசையில் ஓர் இடமும் சட்டத்திலேயே இருக்கின்றன. இவற்றைப் பெரும்பாலான ஊராட்சிகள் கேட்டுப் பார்த்ததே இல்லை. என் கருத்தில் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது புதிய அதிகாரத்தை அல்ல. எந்தக் கிடங்கில் எது எவ்வளவு இருக்கிறது என்று மூன்று ஊராட்சிக்கும் சேர்த்து ஒரே பட்டியல். அது இல்லாமல் மற்ற எதைச் செய்தாலும் நிற்காது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் இந்தப் பொறுப்பு பல கைகளில் சிதறிக் கிடக்கிறது. வெடிபொருள், பெட்ரோலியம், வாயு சிலிண்டர் எல்லாம் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் பெசோ அமைப்பின் கீழ் வருகின்றன. ஆலைக்குள் இருக்கும் ஆபத்தைப் பார்ப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். கழிவுக்கும் புகைக்கும் இசைவாணை தருவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தடையின்மைச் சான்று தீயணைப்புத் துறையிடம். இறக்குமதிச் சரக்கு சுங்கத்துறையிடம். சாலையில் ஓடும் டேங்கர் போக்குவரத்துத் துறையிடமும் காவல்துறையிடமும். ஒவ்வொருவரிடமும் ஒரு பதிவேடு உண்டு. எல்லாவற்றையும் ஒரே தாளில் வைத்துப் பார்ப்பவர் யார் என்று கேட்டால் பதில் இல்லை.

மணலியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் சுமார் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. அதன் பிறகுதான், மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் 37 கண்டெய்னர்களில் 697 டன் அம்மோனியம் நைட்ரேட் கிடப்பது ஊருக்குத் தெரியவந்தது. 2015 இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சரக்கு அது. ஐந்து ஆண்டுகள் அங்கேயே இருந்திருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் 2 கிலோமீட்டருக்குள் குடியிருப்பு இல்லை என்று சுங்கத்துறை முதலில் சொன்னது. அதைவிட அருகிலேயே மக்கள் வசிக்கிறார்கள் என்பதை மற்ற துறைகள் எடுத்துக்காட்டின. சில நாட்களில் சரக்கு ஏலம் போய் ஹைதராபாத்துக்கு ஏற்றப்பட்டது. யாரும் வேண்டுமென்று மறைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சுங்கத்துறையின் பதிவேட்டில் அது வழக்குச் சொத்து. பக்கத்துத் தெருக்களில் எத்தனை வீடு என்பது மாநகராட்சியின் பதிவேட்டில் இருந்தது. இரண்டும் ஒரே மேசைக்கு வர, வேறொரு நாட்டில் ஒரு துறைமுகம் சிதற வேண்டியிருந்தது.

எண்ணூர் இன்னும் கசப்பானது. 2023 டிசம்பர் 26 அன்று நள்ளிரவுக்குச் சற்று முன், கப்பலிலிருந்து கோரமண்டல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்களை எழுப்பியது அபாயச் சங்கு அல்ல, கண்ணெரிச்சலும் மூச்சுமுட்டலும்தான். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தெருவுக்கு வந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

அந்த இடத்தின் எல்லைகளையும் கவனியுங்கள். எண்ணூர் சென்னை மாநகராட்சிக்குள், சென்னை மாவட்டத்தில் இருக்கிறது. கழிமுகத்தைத் தாண்டினால் அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி: திருவள்ளூர் மாவட்டம், மீஞ்சூர் ஒன்றியம், ஊராட்சிகள். அனல்மின் நிலையமும் துறைமுகமும் எண்ணெய்க் கிடங்குகளும் அந்தப் பக்கம். 2011 வரை கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி மூன்றும் தனித்தனி நகராட்சிகளாக இருந்தன. நிர்வாக எல்லை எத்தனை முறை மாறினாலும் வாயு போகும் வழியைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. உங்கள் மூன்று ஊராட்சிகளின் சிக்கலும் இதன் சிறிய வடிவம்தான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1984 டிசம்பர் போபாலுக்குப் பிறகு வந்தவையே இந்த ஏற்பாடுகள் அனைத்தும். 1986 இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1987 இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான செயல்முறைகளுக்கென்றே ஒரு தனி அத்தியாயம் சேர்த்தார்கள். அதில் 41-பி பிரிவை உங்கள் ஊராட்சி மன்றத்தில் வாய்விட்டுப் படித்துக்காட்டலாம். அபாயகரமான செயல்முறை உள்ள ஆலையின் பொறுப்பாளர், அதன் ஆபத்துகளையும் உடல்நலக் கேடுகளையும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் தொழிலாளர்களுக்கும், தலைமை ஆய்வாளருக்கும், அந்த இடத்தின் உள்ளாட்சிக்கும், சுற்றியிருக்கும் பொதுமக்களுக்கும் தெரிவித்தாக வேண்டும் என்கிறது அது. உள்ளாட்சி என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் 2020 ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்தக் கடமை தொடர்கிறது. ஆகவே "உங்களுக்கு ஏன் இந்தத் தகவல்?" என்று ஓர் ஆலை மேலாளர் கேட்டால் தயங்காமல் பதில் சொல்லலாம்.

அடுத்து, 1989 ஆம் ஆண்டின் அபாயகரமான ரசாயனங்கள் தயாரிப்பு, சேமிப்பு, இறக்குமதி விதிகள். ஆலைக்குள்ளே விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்ற திட்டத்தை ஆலை தயாரிக்க வேண்டும். மதிலுக்கு வெளியே என்ன செய்வது என்ற திட்டத்தை மாவட்ட நிர்வாகம் தயாரிக்க வேண்டும். அலுவலகங்களில் இதை ஆஃப்சைட் பிளான் என்றுதான் சொல்வார்கள். நீங்களும் அப்படியே கேளுங்கள், உடனே புரியும்.

மூன்றாவதாக வந்தவை 1996 ஆம் ஆண்டின் ரசாயன விபத்துகள் விதிகள். உங்களுக்கு மிகவும் பயன்படப்போவது இதுதான். மத்தி, மாநிலம், மாவட்டம், உள்ளூர் என நான்கு அடுக்கு நெருக்கடிக் குழுக்களை இந்த விதிகள் ஏற்படுத்தின. மாநிலக் குழுவுக்குத் தலைமைச் செயலாளரும் மாவட்டக் குழுவுக்கு ஆட்சியரும் தலைவர்கள். ஒவ்வொரு தொழிற்பகுதிக்கும் உள்ளூர் நெருக்கடிக் குழு ஒன்று இருக்க வேண்டும். கோட்ட அளவிலான நிர்வாக நடுவர், அதாவது கோட்டாட்சியர், அதற்குத் தலைவர். தொழிற்சாலை ஆய்வாளர் உறுப்பினர் செயலர். தீயணைப்பு அலுவலர், காவல் நிலைய அதிகாரி, வட்டார வளர்ச்சி அலுவலர், ஆரம்ப சுகாதார அலுவலர், ஆலைகள், ரசாயனம் ஏற்றும் லாரிக்காரர்கள், உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர், மருத்துவர்கள், சமூகப் பணியாளர்கள் ஆகியோருடன் ஊர்த் தலைவர் ஒருவரும் உறுப்பினர். மாதம் ஒருமுறை கூட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு அளவிலான ஒத்திகை நடத்த வேண்டும். பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். பொதுமக்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும். இவ்வளவும் விதியில் எழுதப்பட்ட கடமைகள்.

உங்கள் சிப்காட்டுக்கு இந்தக் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது, அதில் உங்கள் பகுதியின் சார்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இப்போது உங்களால் சொல்ல முடியுமா? முடியாது என்றால் வேலை அங்கேயே தொடங்குகிறது.

இந்த விதிகளின் இரண்டு ஓட்டைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். அவைதான் உள்ளாட்சிகள் சேர வேண்டியதன் உண்மையான காரணங்கள்.

ஒன்று, ஊர்த் தலைவருக்கான இடம் நியமன இடம். குழுத் தலைவர் யாரைத் தேர்கிறாரோ அவர் வருவார். மூன்று ஊராட்சி இருந்தால் மூவருக்கும் இடம் தர வேண்டும் என்று விதியில் இல்லை. கிடங்கு இருக்கிற ஊராட்சியிலிருந்து ஒருவரை அழைத்து முடித்துவிடலாம். காற்றடிக்கும் பக்கம் இருக்கும் ஊருக்கு அழைப்பே போகாமல் இருக்கலாம். அதனால் மூன்று ஊராட்சிகளும் பேசி ஒரே பெயரை முன்மொழிவதும், மற்ற இரண்டையும் சிறப்பு அழைப்பாளராகச் சேர்க்கக் கேட்பதும் நல்லது.

இரண்டாவது ஓட்டை பெரியது. விதிகள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சேமித்தால் மட்டுமே ஓர் இடத்தைப் பெரு விபத்து அபாய இடமாகக் கருதும். குளோரினுக்கு அந்த அளவு 10 டன். உங்கள் வட்டாரத்தில் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதா? அங்கே ஒரு கொட்டகையில், மஞ்சள் பெயின்ட் அடித்த பெரிய உருளை படுக்கவைத்திருப்பார்கள். டன்னர் என்பார்கள். ஒன்றில் சுமார் 900 கிலோ குளோரின். அதன் வால்வு பழுதாகிக் கசிந்தால் பக்கத்துத் தெரு மூச்சுத்திணறும். ஆனால் இரண்டு மூன்று டன்னர் வைத்திருக்கும் இடம் 10 டன்னைத் தொடாது. பெரிய ஆலைகளின் பட்டியலில் வராது. அமோனியா ஓடும் ஐஸ் பிளான்ட், மீன் பதனிடும் கூடம், ஆசிட் கேன் அடுக்கிய வாடகைக் குடோன், சாயப்பட்டறைக்கு ரசாயனம் விற்கும் கடை: இவையும் அப்படித்தான். சிதறிக் கிடக்கும் இந்தச் சின்ன இடங்கள் எங்கெங்கே என்று மாவட்டத் தலைநகரில் இருப்பவருக்குத் தெரியாது. ஊராட்சிச் செயலருக்குத் தெரியும். வரி வசூலிக்கப் போகிறவருக்குத் தெரியும். உள்ளாட்சி இல்லாமல் நிரப்ப முடியாத இடம் இதுதான்.

இதே சிக்கலை உள்ளாட்சிகள் சேர்ந்து அவிழ்த்த ஓர் உண்மைக் கதை கலிபோர்னியாவில் இருக்கிறது. சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று நாம் சொல்கிற சாண்டா கிளாரா கவுண்டி. கவுண்டி என்றால் நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பகுதி. அங்கே இருந்த கணினிச் சில்லு ஆலைகளுக்குப் புகைபோக்கி கிடையாது. சுத்தமான தொழில் என்றே எல்லோரும் நம்பினார்கள். 1981 இறுதியில், சான் ஹோசேயின் தென்பகுதியில் இருந்த ஃபேர்சைல்ட் ஆலையின் தரைக்கடித் தொட்டியிலிருந்து கரைப்பான் கசிந்து, பக்கத்தில் இருந்த குடிநீர்க் கிணறு வரை போய்விட்டது தெரியவந்தது. கிணற்றை மூடினார்கள். 1982 தொடக்கத்தில் செய்தி வெளியானபோதுதான், அந்தத் தண்ணீரைக் குடித்துவந்த குடும்பங்களுக்கே விஷயம் தெரிந்தது. தோண்டிப் பார்க்கப் பார்க்க மற்ற ஆலைகளின் தொட்டிகளும் கசிந்தது வெளிப்பட்டது. இன்று அமெரிக்காவிலேயே அதிக எண்ணிக்கையில் சூப்பர்ஃபண்ட் என்ற மத்திய அரசின் தூய்மைப் பணி இடங்களைக் கொண்ட கவுண்டி அது.

அந்தக் கவுண்டியில் 15 நகரங்கள். ஒரு நகரம் மட்டும் கடுமையான விதி போட்டால் ஆலை அடுத்த நகரத்துக்குப் போய்விடும்; வரி வருமானமும் கூடவே போகும் என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது. நம் ஊராட்சிகளுக்கும் அந்த அச்சம் உண்டு. சொத்துவரியும் தொழில்வரியும் சிறிய தொகைகள் அல்ல. அங்கே முன்கை எடுத்தவர்கள் தீயணைப்புத் தலைவர்கள். தீப்பிடித்த கட்டடத்துக்குள் முதலில் நுழைவது அவர்களுடைய ஆட்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் நுழைவது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. நகரங்களும் கவுண்டியும் தீயணைப்பினரும் சேர்ந்து ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதினார்கள். என்னென்ன எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று அறிவிக்க வேண்டும். தொட்டிக்கு இரட்டைச் சுவர் வேண்டும். கசிவைக் கண்காணிக்கும் ஏற்பாடு வேண்டும். உரிமம் வேண்டும், ஆய்வு உண்டு. 1983 இல் நகரங்கள் அதை நிறைவேற்றத் தொடங்கின. எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே விதி என்றபின் இடம் மாறிப் பயனில்லை. அதே ஆண்டு மாநிலச் சட்டமன்றம் தரைக்கடித் தொட்டிகளுக்கான சட்டத்தைக் கொண்டுவந்தது. 1984 இல் மத்திய அரசும் பின்தொடர்ந்தது. உள்ளாட்சிகள் எழுதியது மேலே ஏறிப் போனது.

1990 வாக்கில் அதே கவுண்டி ஆர்சின், பாஸ்பின் போன்ற நச்சு வாயுக்களுக்குத் தனிச் சட்டம் செய்தது. 1993 இல் கலிபோர்னியா முழுவதற்கும், அபாயப் பொருள் தொடர்பான ஆறு திட்டங்களை ஒன்றாக்கி, உள்ளூர் முகமை ஒன்றின் கையில் கொடுத்தார்கள். ஒரே விண்ணப்பம், ஒரே ஆய்வு, ஒரே கட்டணம். அங்கே பொதுவாக 55 கேலன் திரவம், அதாவது ஏறக்குறைய ஒரு பீப்பாய் இருந்தாலே அறிவிக்க வேண்டும். திடப்பொருள் என்றால் 500 பவுண்டு, வாயு என்றால் 200 கன அடி. பெரு விபத்தைத் தடுக்கும் விதி வேறு, இருப்பை அறிவிக்கும் விதி வேறு என்பதால் நம் 10 டன்னோடு இதை நேராக ஒப்பிடக் கூடாது. ஆனால் நம்மிடம் முன்னதன் சாயல் இருக்கிறது, பின்னது ஏறக்குறைய இல்லை என்பது உண்மை.

பக்கத்திலிருக்கும் காண்ட்ரா கோஸ்டா கவுண்டியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் அதிகம். 1993 ஜூலையில் ரிச்மண்ட் நகரில் ஒரு ரயில் டேங்கரிலிருந்து கந்தக அமிலப் புகை பரவி 20,000 பேருக்கு மேல் மருத்துவ உதவி தேடிப் போனார்கள். 1998 இறுதியில் அந்தக் கவுண்டி தன் ஆலைகளுக்கு மத்திய, மாநில விதிகளைவிடக் கடுமையான பாதுகாப்புச் சட்டம் செய்தது. அது ரிச்மண்ட் நகர எல்லைக்குள் செல்லாது என்பதால் நகரம் ஏறக்குறைய அதே வடிவில் தனக்கொரு சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டு, ஆய்வைக் கவுண்டி நிபுணர்களிடமே விட்டது. அங்கே ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை காலை 11 மணிக்கு அபாயச் சங்கை ஊதிச் சோதிக்கிறார்கள். சங்கு எப்படி ஒலிக்கும் என்று குழந்தைகளுக்கும் தெரியும்.

கலிபோர்னிய நகரங்களுக்குச் சொந்தமாகச் சட்டம் செய்யும் அதிகாரம் உண்டு. பலவற்றுக்குச் சொந்தத் தீயணைப்புத் துறையே உண்டு. நம் ஊராட்சிகளுக்கு இரண்டும் இல்லை. அதனால் அவர்கள் விதியை அப்படியே இங்கே எழுத முடியாது. எடுத்துக்கொள்ளக்கூடியது அவர்கள் தொடங்கிய இடம்: ஒரே படிவம், ஒரே பட்டியல், அதைத் தீயணைப்பு நிலையத்தின் கையில் சேர்ப்பது.

உங்கள் ஊருக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? ஊராட்சிகள் பொதுவான காரியத்துக்காகக் கூட்டுக் குழு அமைத்துக்கொள்ளத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இடம் தருகிறது. மூன்று கிராம சபைகளிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போடுங்கள். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் கிராம சபை கூடும். தீர்மானம் போட முடியும். ஊராட்சிக்கு எழுத்தர் பலம் குறைவு என்பதால் வட்டார வளர்ச்சி அலுவலரை ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று ஊராட்சிக்கும் பொதுவானவர் அவர். நெருக்கடிக் குழுவிலும் விதிப்படியே உறுப்பினர்.

படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். இடத்தின் பெயர், பொருளின் பெயர், அதிகபட்ச இருப்பு, எந்த வடிவத்தில் வைத்திருக்கிறார்கள், இரவில் எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண், எந்தத் துறையின் உரிமம். பொருளின் பெயருடன் அதன் நான்கு இலக்க ஐ.நா. எண்ணையும் கட்டாயம் கேளுங்கள். டேங்கர் லாரியின் பின்னால் ஆரஞ்சுப் பலகையில் இருக்குமே, அந்த எண். அமோனியாவுக்கு 1005, குளோரினுக்கு 1017, பெட்ரோலுக்கு 1203. வணிகப் பெயர்கள் மாறும், பில்லில் சுருக்கி எழுதுவார்கள். இந்த எண் மாறாது. தீயணைப்பு வீரர் எண்ணைப் பார்த்தே என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானித்துவிடுவார்.

என்ன இருக்கிறது என்று தெரிவதால் என்ன லாபம் என்று சிலர் கேட்பார்கள். குளோரின் காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தங்கும். அது கசிந்தால் மாடிக்கோ மேட்டுக்கோ போக வேண்டும். அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு விலகினால் உதவும். எதுவானாலும் காற்றோடு சேர்ந்து ஓடக் கூடாது, குறுக்கே ஓட வேண்டும். இதை முன்கூட்டியே ஒரு பள்ளி ஆசிரியரிடமும் கோயில் ஒலிபெருக்கி வைத்திருப்பவரிடமும் சொல்லி வைத்தால் நள்ளிரவில் பயன்படும்.

இந்தப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டாதீர்கள். எந்தக் கிடங்கில் எவ்வளவு வெடிபொருள் என்ற விவரம் திருடர் கைக்கும் போகலாம். முழுப் பட்டியல் தீயணைப்பு நிலையம், காவல் நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், ஊராட்சிகள் ஆகியவற்றின் கோப்பில் இருக்கட்டும். மக்களுக்குத் தேவை எந்தப் பக்கம் ஆபத்து, சங்கு ஊதினால் என்ன செய்வது, எங்கே கூடுவது என்பவை. அவற்றைத் தாராளமாகச் சுவரில் எழுதுங்கள்.

கிடங்குக்காரர்களை எதிரியாக நினைத்துத் தொடங்கவும் வேண்டாம். பலருக்குத் தங்கள் சரக்கின் ஆபத்தே சரியாகத் தெரியாது. ஊராட்சியின் சொந்தக் குளோரின் இருப்பைப் பட்டியலின் முதல் வரியில் எழுதிவிட்டு மற்றவர்களிடம் போனால், தருவதற்குத் தயங்குபவர்கள் குறைவார்கள். மறுப்பவருக்குக் கடிதத்தில் வெளிப்படுத்தும் கடமையைக் குறிப்பிட்டு, ஒரு நகலைத் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

இதற்கிடையே ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் மூன்று ஊராட்சிகளின் பெயரிலும் ஒரே மனு கொடுங்கள். உள்ளூர் நெருக்கடிக் குழுவின் உறுப்பினர் பட்டியல், கடைசிக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, கடைசி ஒத்திகை நடந்த தேதி, ஆஃப்சைட் பிளானில் உங்கள் ஊர்கள் வரும் பக்கங்கள், அடுத்த ஒத்திகையை மதிலுக்கு வெளியே குடியிருப்பில் நடத்தக் கோரிக்கை. இந்த ஐந்தும் போதும். குழுவே அமைக்கப்படவில்லை என்ற பதில் வந்தாலும் அது உங்களுக்குச் சாதகமான ஆவணம்தான். அமைக்கச் சொல்லி மாவட்டக் குழுவுக்கு எழுத அதுவே ஆதாரம். பதிலே வரவில்லை என்றால் அதே கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. மூன்று ஊர்களிலிருந்தும் மூன்று பேர் தனித்தனியாக விண்ணப்பியுங்கள். ஒருவருக்கு வராத தாள் இன்னொருவருக்கு வரும்.